பனிமலை வரிசை: குறைகிறதா, இடம் மாறுகிறதா?

பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போகிறவர் கூட்டத்தில் சிக்காமல் இருக்க என்ன வழி? இந்தக் கேள்விக்குச் சறுக்கு விளையாட்டின் வயது இல்லை, லிஃப்டின் வயதுதான். கால்களைத் தவிர வேறு துணை இல்லாத காலத்தில் ஒருவர் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ஏறிச் சறுக்கினாலே பெரிய காரியம். ஏறும் சிரமமே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. 1934-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வுட்ஸ்டாக் என்ற ஊரில் ஃபோர்டு கார் எஞ்சினைக் கொண்டு ஒரு கயிற்றை ஓடவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டவர்களை மேலே இழுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் வடிவமைத்த இழுவை லிஃப்ட் இயங்கத் தொடங்கியது. 1936-இல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் முதல் நாற்காலி லிஃப்ட் வந்தது. கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி ஏற்பாட்டைப் பார்த்து அதை வடிவமைத்தவர் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன். ஏறும் பாடு தீர்ந்ததும் காத்திருக்கும் பாடு தொடங்கியது.

அதிலிருந்து இன்றுவரை இதற்கான விடைகள் பொறியாளர்களிடமிருந்து வந்தன, பொருளியலாளர்களிடமிருந்து வந்தன, கல்வி அமைச்சகங்களிடமிருந்தும் வந்தன. ஒவ்வொன்றும் ஓரளவு பலித்திருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை வரிசையைக் கரைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. வேறு இடத்துக்கு, வேறு நாளுக்கு, அல்லது வேறு ஆட்களின் தலையில் அதைத் தள்ளிவிட்டிருக்கின்றன.

எது நெரிசல்?

ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும் இங்கே மூன்று கூட்டங்கள் உண்டு: லிஃப்டின் அடிவாரத்தில் நிற்கும் வரிசை, சரிவில் சறுக்கி வருபவர்களின் நெருக்கம், மலைக்குப் போகும் சாலையிலும் வாகன நிறுத்துமிடத்திலும் தேங்கும் வண்டிகள். ஒன்றைக் குறைக்கும் வழி மற்றொன்றைக் கூட்டக்கூடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் பல விவாதங்கள் ஒன்றையொன்று தொடாமலே போகின்றன.

ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வியைப் பொழுதுபோக்கு நிலங்களுக்கு முறையாகக் கொண்டுவந்தவர்களில் ஆலன் வாகர் முக்கியமானவர்; அவருடைய ஆய்வு 1964-இல் வெளிவந்தது. மேய்ச்சல் நிலம் இத்தனை மாடுகளைத் தாங்கும் என்று சொல்வதுபோல மனிதர்களுக்கும் ஓர் எண் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அப்போது இருந்தது. 1970-களில் ஹெபர்லைன், வாஸ்கே போன்ற சமூகவியலாளர்கள் ஒன்பது புள்ளி அளவுகோலைக் கொண்டு மக்களிடமே கேட்கத் தொடங்கியபின் அந்த எதிர்பார்ப்பு தளர்ந்தது. எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைவிட, வந்தவர் எத்தனை பேரை எதிர்பார்த்து வந்தார் என்பது பதிலைப் பெரிதும் தீர்மானிப்பதாகத் தெரியவந்தது. புத்தாண்டு வாரத்தில் கால் மணி நேரம் நின்றவர் புகார் சொல்லாமல் போகலாம். ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து நிமிடம் நின்றவர் முணுமுணுக்கலாம். கூட்டத்துக்கு அஞ்சுபவர்கள் வேறு இடம் தேடிப் போய்விடுவதால், எஞ்சியிருப்பவர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பு எப்போதும் கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லிஃப்டைப் பெரிதாக்குவது

மிகப் பழைய விடையும் மிக அதிகப் பணம் விழுங்கிய விடையும் இதுதான். ஒருவர் அமரும் நாற்காலி இருவருக்கானதாகி, பிறகு நால்வர், அறுவர், எண்மர் அமர்வதாக வளர்ந்தது. 1981-இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் ஓடத் தொடங்கிய நால்வர் விரைவு லிஃப்ட் ஒரு திருப்பம். நிலையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலி வடத்திலிருந்து கழன்று மெதுவாக நகரும். ஆட்கள் ஏறியதும் மறுபடி வடத்தைப் பற்றிக்கொண்டு வேகமெடுக்கும். பழைய வகை நொடிக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் போகும். இது 5 மீட்டர்.

விளம்பரங்கள் சொல்லாத நுட்பம் ஒன்று இதில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் மேலே போகிறார்கள் என்பதை வடத்தின் வேகம் தீர்மானிப்பதில்லை. ஒரு நாற்காலிக்கும் அடுத்த நாற்காலிக்கும் இடையிலான கால இடைவெளியே தீர்மானிக்கிறது. 1,200 மீட்டர் நீளமுள்ள லிஃப்டை எடுத்துக்கொள்வோம். ஆறு நொடிக்கு ஒரு நால்வர் நாற்காலி என்றால் மெதுவானதும் விரைவானதும் மணிக்கு 2,400 பேரைத்தான் ஏற்றும். மெதுவான லிஃப்டில் பயணம் எட்டு நிமிடம். எந்நேரமும் 320 பேர் அந்தரத்தில் இருப்பார்கள். விரைவு லிஃப்டில் நான்கே நிமிடம். அந்தரத்தில் 160 பேர். மீதி 160 பேர் எங்கே? சரிவில் இருப்பார்கள், இல்லாவிட்டால் கீழே வரிசையில் நிற்பார்கள். மலையில் உள்ளவர்களின் எண்ணிக்கை மாறாதவரை, வேகமான லிஃப்ட் வரிசையை நீட்டவும் கூடும். அதனால்தான் தேர்ந்த திட்டமிடுபவர்கள் லிஃப்டின் கொள்ளளவை மட்டும் பார்ப்பதில்லை. சரிவின் அகலம், அதன் செங்குத்து, உணவகத்தின் இருக்கைகள், கார் நிற்கும் இடம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது பலவீனம் சாலைகளில் முன்பே கண்டறியப்பட்டது. நெரிசல் நேரத்துச் சாலையை அகலப்படுத்தினால் புதிய வண்டிகள் வந்து அதை நிரப்பிவிடும் என்று 1962-இல் ஆந்தனி டௌன்ஸ் எழுதினார். பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதி இதற்குப் பெரிய அளவிலான எடுத்துக்காட்டாகத் தோன்றுகிறது. 1960-களிலும் 70-களிலும் அரசின் பனித்திட்டத்தின்கீழ் லா பிளான், லெ அர்க், அவோரியாஸ் போன்ற புதிய ஊர்கள் மலைமேல் எழுந்தன. 2003-இல் லா பிளானையும் லெ அர்க்கையும் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு பெரிய கேபிள் கார் இணைத்தது. மலைக்கு மேலே இடம் பெருகியது. கீழே தாரந்தேஸ் பள்ளத்தாக்கின் சாலை ஒன்றுதான். 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்கை ஒட்டி அதை மேம்படுத்தினார்கள். என்றாலும் 2014 டிசம்பர் 27-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, பனிப்பொழிவும் விடுமுறைப் போக்குவரத்தும் ஒருசேர வந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கு அடங்கிய சவோய் பகுதியில் சுமார் 15,000 வண்டிகள் அசைய முடியாமல் நின்றன. ஆயிரக்கணக்கானோர் அவசர முகாம்களில் இரவைக் கழித்தார்கள்.

விலையிடம் விடுவது

கூட்டம் கூடும் நாளில் விலையை ஏற்றினால் போதும் என்பது பொருளியலின் இயல்பான பதில். ஆனால் இத்துறையின் மிகச் சுவையான ஆய்வு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. 1987-இல் ராபர்ட் பாரோ, பால் ரோமர் இருவரும் லிஃப்ட் கட்டணத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரோமர் பின்னாளில், 2018-இல், நோபல் பரிசு பெற்றவர். விடுமுறை நாளில் இவ்வளவு வரிசை நின்றும் நிறுவனங்கள் ஏன் அதற்கேற்ப விலையை ஏற்றுவதில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட புதிர். அவர்களின் விடை இப்படிப் போகிறது: டிக்கெட் ஒரு நாளைக்கானது, ஆனால் வந்தவர் வாங்க நினைப்பது சவாரிகளை. கூட்டம் கூடும்போது ஒருவருக்குக் கிடைக்கும் சவாரிகள் குறைகின்றன. ஆகவே டிக்கெட் விலை அசையாமல் இருக்கும்போதே ஒரு சவாரியின் விலை தானாக ஏறிவிடுகிறது. வரிசையைப் பார்த்ததும் நிர்வாகம் தூங்குகிறது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. விலை செய்ய வேண்டிய வேலையை வரிசை செய்துகொண்டிருக்கலாம்.

வாதம் அழகானது. அதன் அடித்தளத்தில், வரிசையில் நிற்பது தன்னளவில் பெரிய துன்பமில்லை, சவாரி குறைவதுதான் இழப்பு என்ற எண்ணம் இருக்கிறது. குளிரில் கைக்குழந்தையோடு நிற்பவர் இதை ஏற்பாரா என்பது சந்தேகமே.

நடைமுறை இதற்குப் பின் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் போனது. ஒருபக்கம், விமான டிக்கெட்டைப்போல நாளுக்கு நாள் விலை மாறும் முறை சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட், செர்மாட் போன்ற இடங்களில் வந்தது. மறுபக்கம் பருவ அட்டை மலிவானது. 2008-இல் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் பல மலைகளுக்குச் செல்லுபடியாகும் எபிக் அட்டையை 579 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. 2018-இல் அல்டெரா நிறுவனத்தின் ஐகான் அட்டை போட்டிக்கு வந்தது. 2021-இல் வெய்ல் தன் அட்டையின் விலையை 20 சதவீதம் குறைத்தது. அந்தப் பருவத்துக்கு 21 லட்சத்துக்கும் மேல் அட்டைகள் விற்றன. இதற்கிடையில் ஒருநாள் டிக்கெட் ஏறிக்கொண்டே போய், சில மலைகளில் இன்று 300 டாலரைத் தாண்டி நிற்கிறது.

நிறுவனத்தின் பார்வையில் இதில் தெளிவான தர்க்கம் உண்டு. பனி விழுவதற்கு முன்பே பணம் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அட்டை வாங்கியவருக்கு அடுத்த நாள் சவாரி இலவசம்; நெரிசல் நாளில் அவரை வீட்டில் நிறுத்தும் விலை எதுவும் மிஞ்சவில்லை. 2021-22 குளிர்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் எபிக் அட்டை செல்லுபடியாகும் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையைப் பற்றிய புகார் மனுவில் 40,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அங்கே அட்டையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆள் பற்றாக்குறையால் பல லிஃப்டுகள் ஓடவில்லை, சரிவுகளின் ஒரு பகுதி திறக்கவில்லை. கூட்டம் அதே கூட்டமாக இருந்தாலும் இடம் சுருங்கியது. 2024 டிசம்பர் இறுதியில் யூட்டாவின் பார்க் சிட்டியில் மீட்புக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் இதுவே நடந்தது. மலையைத் திறந்துவைக்கும் தொழிலாளர்களின் ஊதியமும் நெரிசல் கேள்வியின் ஒரு பகுதி என்பதைக் கொள்ளளவுக் கணக்குகள் மறந்துவிடுகின்றன.

கூடுதல் பணம் கட்டினால் தனி வரிசை என்ற ஏற்பாட்டை 2021-இல் பவுடர் நிறுவனம் தன் சில மலைகளில் கொண்டுவந்தது. ஓரிகன் மாநிலத்தின் செனட்டர் ரான் வைடன் அதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அமெரிக்க மேற்கில் பல சறுக்கு மலைகள் பொது வன நிலத்தில் உள்ளவை என்பதால், இங்கே விலை என்பது தனியார் கடையின் விலை மட்டுமல்ல என்ற அவருடைய வாதத்துக்கு எடை இருக்கிறது.

நாட்காட்டியைக் கலைப்பது

மேலே சொன்னவை எல்லாம் மலைக்கு வந்தபின் செய்பவை. கூட்டம் உருவாகும் இடம் மலையன்று, பள்ளிக்கூடம். குடும்பங்கள் விரும்பி ஒரே வாரத்தில் கிளம்புவதில்லை. விடுமுறை அந்த வாரத்தில்தான் கிடைக்கிறது. இந்தக் கோணத்துக்கு ஆய்வுகளில் கிடைத்திருக்கும் இடம் அதன் தகுதிக்குக் குறைவு என்றே தோன்றுகிறது.

இதன் வரலாறும் எதிர்பாராதது. ஸ்வீடனில் பிப்ரவரி விடுமுறை பனிச்சறுக்குக்காகப் பிறந்ததல்ல. 1940-இல், போர்க்கால எரிபொருள் தட்டுப்பாட்டில், வகுப்பறைகளைச் சூடாக்கும் செலவை மிச்சப்படுத்தவே பள்ளிகளை மூடினார்கள். சும்மா இருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்யப்பட்டது. போர் முடிந்தபின்னும் விடுமுறை நிலைத்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் விளையாட்டு விடுமுறைக்கும் இதேபோல நிலக்கரிப் பஞ்சத்துப் பின்னணி உண்டு. இன்று ஸ்வீடனில் அது ஆண்டின் 7-ஆம் வாரத்திலிருந்து 10-ஆம் வாரம்வரை பகுதிக்குப் பகுதி மாறுகிறது: கோத்தன்பர்க் முதலில், ஸ்டாக்ஹோம் 9-ஆம் வாரம், வடக்கு கடைசியில்.

பிரான்ஸ் இதை நாடு தழுவிய ஏற்பாடாகவே ஆக்கியது. பள்ளி மாவட்டங்கள் ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார விடுமுறை ஒருவாரம் தள்ளித் தள்ளி வருகிறது. மொத்தத்தில் நான்கு வாரங்களில் நாடு பகிர்ந்துகொள்கிறது. பாரிஸ் சி மண்டலத்தில். லியோன், கிரெனோபில் ஏ-யில். மார்செய், லில் பி-யில். நெதர்லாந்து வடக்கு, நடு, தெற்கு என்று பிரித்துக்கொள்கிறது. ஆஸ்திரியாவில் மாநிலங்கள் முறைவைத்து விடுமுறை எடுக்கின்றன. உச்சியை மழுக்குவதில் இதற்கு ஈடான கருவி வேறில்லை: ஒரு புதுக் கம்பிவடமும் போடாமல், யாரிடமும் அதிகக் காசு வாங்காமல் கூட்டத்தைப் பரப்புகிறது.

குறைகளும் உண்டு. ஏழு வாரம் படிப்பு, இரண்டு வாரம் ஓய்வு என்ற சீரான தாளமே பிள்ளைகளுக்கு நல்லது என்று குழந்தை நல ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மண்டலப் பிரிவு அந்தத் தாளத்தைக் குலைக்கிறது. பெற்றோர் பிரிந்து வேறு வேறு மண்டலங்களில் வாழ்ந்தால் பிள்ளைகளின் விடுமுறை பொருந்துவதில்லை. அதைவிட அடிப்படையானது, ஒரு நாடு கலைப்பதை இன்னொரு நாடு நிரப்பிவிடுகிறது என்பது. பிரிட்டனின் பிப்ரவரி நடுப்பருவ விடுமுறை, பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க் ஆகியவற்றின் வாரங்கள் எல்லாம் ஒரே மலைகளைக் குறிவைக்கின்றன. ஈஸ்டரோடு நகரும் திருவிழா வாரம் வேறு ஒவ்வோர் ஆண்டும் கணக்கை மாற்றுகிறது. ஐரோப்பாவுக்கு ஒரு பொது விடுமுறை நாட்காட்டி கிடையாது. கல்வி அந்தந்த நாட்டின் அதிகாரம்.

நாட்காட்டிக்குள் இன்னொரு சிறு நாட்காட்டி இருக்கிறது: சனிக்கிழமை. ஆல்ப்ஸின் வாடகைக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை சனியன்று கைமாறுகின்றன. அதனால் அன்று சாலை திணறுகிறது, சரிவுகளோ காலியாகக் கிடக்கின்றன. ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டாவது கூட்டமும் மூன்றாவது கூட்டமும் எதிரெதிராக நடப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஞாயிறு முதல் ஞாயிறுவரை வாடகைக்கு விடுவது சில இடங்களில் வந்திருக்கிறது. அறை சுத்தம் செய்பவர்களின் பணிநேரத்திலிருந்து ரயில் அட்டவணைவரை எல்லாம் மாற வேண்டியிருப்பதால் மெதுவாகவே பரவுகிறது.

கதவை மூடுவது

ஆஸ்திரியாவின் லெக்–சூர்ஸ் பகுதி 14,000 பேர் என்ற வரம்பை வைத்திருப்பதற்காகப் பெயர்பெற்றது. யூட்டாவின் டியர் வேலி டிக்கெட் விற்பனைக்கே உச்சவரம்பு வைத்தது. கொலராடோவின் அரபாஹோ பேசின் 2019-இல் எபிக் அட்டையிலிருந்து விலகியது. கார் நிறுத்துமிடம் நிரம்பி வழிவது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. ஒரே சாலை வழியாகவே போக வேண்டிய யூட்டாவின் அல்டா, 2021-22 முதல் நெரிசல் நாட்களில் வாகன நிறுத்துமிடத்துக்கு முன்பதிவு கேட்கிறது. வரம்பு நிச்சயம் வேலை செய்கிறது. ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உள்ளூரில் அறை எடுத்தவருக்கு முன்னுரிமை என்றாகும்போது, காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் அக்கம்பக்கத்துக்காரர்தான் பெரும்பாலும் கழிபடுகிறார்.

ஆளுக்கொரு தந்திரம்

விடுமுறைக்காரருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை, பெரும்பாலும் சரியானவையும்கூட. ஐரோப்பாவில் ஜனவரி 6-ஆம் தேதித் திருநாள் முடிந்ததிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை போவது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வாரம், மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரியின் அதிபர் நாள் வார இறுதிகளைத் தவிர்ப்பது. முதல் லிஃப்டைப் பிடித்து நேரே மேல் தளத்துக்குப் போய்விடுவது. பகல் உணவைப் பதினொன்றரைக்கோ இரண்டு மணிக்கோ வைத்துக்கொள்வது. தனி ஆட்களுக்கான வரிசையில் நிற்பது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருப்பவருக்கு இவற்றில் முதல் இரண்டும் எட்டாக்கனி. மீதியும் சிலர் மட்டும் பின்பற்றும்வரைதான் பலிக்கும். பெயர் தெரியாத சிறிய மலைக்குப் போங்கள் என்ற அறிவுரைக்கு 2025 ஜனவரி 26 ஒரு சோதனையானது. இத்தாலியின் அப்ரூட்சோ பகுதியில் உள்ள ரொக்கராசோ என்ற மலையூர் டிக்டாக் காணொளிகளில் பரவ, அன்று ஒரே நாளில் 200-க்கும் மேற்பட்ட பேருந்துகளில் சுமார் 10,000 பேர் வந்திறங்கினார்கள். பலரும் நேப்பிள்ஸ் பகுதியிலிருந்து பனியைப் பார்க்க வந்த ஒருநாள் பயணிகள். அடுத்த வாரமே பேருந்துகளுக்கு வரம்பு வந்தது. நம் நாட்டின் சறுக்கு மலையூரான குல்மார்க்கின் நிலையும் இதற்கு நெருக்கமானது. 1998-இல் முதல் கட்டமும் 2005-இல் அபர்வத் மலையை நோக்கிய இரண்டாம் கட்டமும் திறந்த கோண்டோலா கேபிள் காரின் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சறுக்க வந்தவர்கள் அல்லர், பார்க்க வந்தவர்கள். சறுக்குபவரின் பருவ அட்டை, சரிவின் அகலம் என்று ஐரோப்பியக் கணக்குகளை அங்கே அப்படியே பொருத்த முடியாது.

தீராதவை

கூட்டம் தானே கலைந்துபோன நாடும் உண்டு. ஜப்பானில் 1990-களில் உச்சத்தில் இருந்த சறுக்குபவர் எண்ணிக்கை பின்னர் பல மடங்கு சரிந்தது. வரிசைகள் மறைந்தன; கூடவே பல மலைகள் லிஃப்டை நிறுத்தின. நெரிசலைக் குறைப்பது மட்டுமே இலக்கு என்று வைத்துக்கொண்டால் இதையும் வெற்றி என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே எவ்வளவு கூட்டம் சரியான கூட்டம் என்ற 1964-இன் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

பனியே குறைவது புதிய சிக்கல். 28 ஐரோப்பிய நாடுகளின் 2,234 சறுக்கு மையங்களைக் கணக்கிலெடுத்து 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, புவி 2 டிகிரி வெப்பமானால், செயற்கைப் பனியின் துணை இல்லாதபட்சத்தில், அவற்றில் 53 சதவீதம் மிகக் கடுமையான பனித் தட்டுப்பாட்டு ஆபத்தில் இருக்கும் என்கிறது. 4 டிகிரியில் அது 98 சதவீதம். தாழ்ந்த மலைகள் மூடினால் அங்கே போனவர்கள் சறுக்குவதை விடுவார்களா, உயரமான மலைகளுக்கு ஏறி வருவார்களா? முதலாவது நடந்தால் நெரிசல் பெரிதாகக் கூடாது. இரண்டாவது நடந்தால் மேலே விவரித்த எந்த விடையும் இன்றைய அளவில் போதாது. 2022-23 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தாழ்வான சரிவுகள் பச்சையாகக் கிடந்தபோது இரண்டாவதற்கான அறிகுறிகள் தென்பட்டன. ஒரு பருவத்தை வைத்து முடிவுகட்டுவது அவசரம். பள்ளி நாட்காட்டி பல மாதங்களுக்கு, சில நாடுகளில் சில ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிடுவதால், பனி தள்ளிப்போகும் ஆண்டில் அதை நகர்த்தவும் வழியில்லை.

இவற்றைத் தீர்த்துப் பார்க்கும் தரவு இல்லாமல் இல்லை. இன்று பெரும்பாலான மலைகளில் அட்டையை மின்னணு வாயில்கள் படிக்கின்றன. ஒருவர் எந்த லிஃப்டை எத்தனை மணிக்குக் கடந்தார், அடுத்ததற்கு எப்போது வந்தார் என்பதெல்லாம் நிமிடக் கணக்கில் பதிவாகின்றன. விலை மாற்றமும் உச்சவரம்பும் விடுமுறை மண்டலங்களும் வரிசையை எவ்வளவு அசைத்தன என்பதை அதைக் கொண்டு ஒப்பிட்டுவிடலாம். அந்தப் பதிவுகள் லிஃப்ட் நிறுவனங்களின் சொத்து. விடுமுறைத் தேதிகளை வகுக்கும் கல்வித் துறைகளின் கையில் அவை இல்லை.